கரிக்குன்றின்மேல் சிலுவைப் பாதை

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நம் பங்குகளில் சிலுவைப் பாதை செய்கிறோம். ஆலயச் சுவர்களில் பதித்த பதினான்கு படங்களே பெரும்பாலும் நமக்குப் பாதை. அருகில் குன்று வாய்த்த பங்குகளில், அதன்மேல் சிலுவைகளை நட்டு, வெயிலில் பாடிக்கொண்டே ஏறிச் செல்வோரும் உளர். ஜெர்மனி நாட்டின் மேற்குப் பகுதியில் போட்ராப் என்னும் ஊரிலும் இத்தகைய குன்று ஒன்று உண்டு. ஆனால் அக்குன்று ஆண்டவர் படைத்த நாளில் தோன்றியதன்று. நிலத்துக்கு அடியில் ஆயிரம் மீட்டருக்கும் கீழேயிருந்து, நிலக்கரியோடு கலந்து மேலே வந்த கல்லையும் களியையும் மனிதர் பல்லாண்டுகளாகக் கொட்டிக் கொட்டி எழுப்பியது.

ஹானியேல் குன்று என்பது அதன் பெயர். அடிவாரத்தில் இயங்கிய சுரங்கத்தின் பெயரே குன்றுக்கும் அமைந்தது. சுற்றியுள்ள சமநிலத்திலிருந்து 100 மீட்டருக்கும் அதிகமாக உயர்ந்து நிற்கிறது. அதன் சரிவுகளில் இன்று மரங்கள் அடர்ந்துள்ளன. அவற்றினூடே வளைந்து வளைந்து ஏறும் பாதையில், விடுமுறை நாட்களில் முதியவர்கள் கைத்தடியோடும், இளம் பெற்றோர் குழந்தை வண்டியோடும் நடந்து செல்கின்றனர். ஒரு காலத்தில், வேலையாட்கள் தவிர எவரும் கால் வைக்கக்கூடாத இடம் அது.

பழைய நிலக்கரி நிலங்களைத் திருத்தி, நடைபாதை அமைத்து, மக்களுக்குத் திறந்துவிடும் பணி ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் நடந்துள்ளது. அவற்றைப் பற்றி எழுதுவோர், ‘இயற்கை மீண்டு வந்துவிட்டது’ என்று எழுதிப் பச்சைப் படம் ஒன்றையும் சேர்த்து முடித்துவிடுவது வழக்கம். நாம் அவ்வாறு முடித்துவிட விரும்பவில்லை. அந்த அழகுக்கு யார் விலை கொடுத்தார், இன்றும் யார் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் குடும்பமாக வாசிப்பவர்கள் அறிந்துகொள்வது நலம் என்று கருதுகிறோம்.

கல் மலையான கதை

நெய்வேலியைக் கண்டவர்கள், நிலக்கரிச் சுரங்கம் என்றதும் வானம் பார்த்த பெரும்பள்ளத்தை நினைப்பார்கள். அங்கே எடுப்பது பழுப்பு நிலக்கரி. மேல்மண்ணை அகற்றிவிட்டு எடுக்கிறார்கள். ரூர் நிலம் அப்படியன்று. அங்கே கிடைத்தது கெட்டியான கறுப்பு நிலக்கரி. ரைன் பேராற்றின் துணையாறான ரூர் ஆற்றங்கரையில் அது ஏறத்தாழ நிலமட்டத்திலேயே தென்பட்டது. வடக்கே செல்லச் செல்ல ஆழத்தில் இறங்கிற்று. ஆகவே சுரங்கங்களும் தலைமுறை தலைமுறையாக வடக்கு நோக்கி நகர்ந்தன. ரூர் ஆற்றை விட்டு எம்ஷர் ஆற்றுக்கும், அதையும் கடந்து லிப்பே ஆற்றுக்கும் சென்றன. கிராமங்கள் ஒரு மனிதனின் ஆயுட்காலத்துக்குள் நகரங்களாயின. போலந்து மொழி பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள், 1870ஆம் ஆண்டுக்குப் பின் கிழக்கேயிருந்து பெருங்கூட்டமாக வந்து குடியேறின. போட்ராப் ஊரில் அவர்கள் தொகை மிகுதி. 1961ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் துருக்கி நாட்டவரும் வந்தனர். 1950களின் நடுவில், ரூர் சுரங்கங்களில் வேலை செய்தவர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர்.

சுரங்கத்திலிருந்து தனிக் கரி மட்டும் வருவதில்லை. கரிப்படலத்தின் மேலும் கீழும் ஒட்டியிருக்கும் பாறையும் சேர்ந்தே வரும். இயந்திரங்கள் வெட்டத் தொடங்கிய பிறகு, மேலே வந்ததில் பாதிக்கு நெருங்கிய பங்கு கல்லாகவே இருந்த சுரங்கங்கள் பல. கரியைப் பிரித்தெடுத்து விற்றனர். கல்லை என்ன செய்வது? வேலிக்கு அப்பால் கொட்டினர். முதலில் கூம்பு வடிவில் குவித்தனர். பின்னர் மேசைபோல் தட்டையாகப் பரப்பினர். ‘ஹால்டே’ என்று அவ்வூர் மக்கள் இக்குன்றுகளை அழைக்கின்றனர். ரூர் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்டவை உள்ளன.

இக்குன்றுகள் சும்மா கிடப்பனவுமல்ல. கல்லோடு கலந்து தங்கிவிட்ட கரி காற்றுப்பட்டுத் தானே கனன்று, குன்றின் வயிற்றில் பல்லாண்டு எரியும். கல்லிலுள்ள கந்தகம் மழைநீரில் அமிலமாகி வடியும். கறுத்த மேற்பரப்பு கோடை வெயிலில் அடுப்புக்கல்போல் சூடேறும். காற்று வீசினால் தூசி எழும்பி, கொடியில் உலரும் துணிகளைக் கறுப்பாக்கும். ரூர் பெண்கள் இரண்டு மூன்று தலைமுறையாகத் துவைத்த துணியை மறுபடியும் துவைத்தார்கள் என்பது அந்நாட்டுச் சரித்திர நூல்களில் பெரிய எழுத்தில் வராத செய்தி. 1961ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, ரூரின்மேல் வானம் மறுபடியும் நீலமாக வேண்டும் என்று வில்லி பிராண்ட் பேசியபோது பலர் நகைத்தனராம்.

அபர்வான்

கழிவுக் குன்று நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் 1966ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் கண்டது. அது ஜெர்மனியில் நிகழ்ந்ததன்று. பிரிட்டனில், வேல்ஸ் நாட்டின் அபர்வான் என்னும் சுரங்கச் சிற்றூரில். ஊருக்கு மேலே மலைச்சரிவில் கொட்டியிருந்த ஏழாம் எண் கழிவுக் குன்றின் அடியில் நீரூற்று ஒன்று இருந்தது. அது தெரிந்தும் அங்கேயே கொட்டினர். நீரில் ஊறிய குன்று, காலை ஒன்பதே கால் மணியளவில் குழம்பாகி இறங்கி, பள்ளிக்கூடத்தின்மேல் விழுந்தது. 144 பேர் மாண்டனர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். வருகைப் பதிவேடு வாசித்து, பாடம் தொடங்கும் நேரம் அது.

பின்னர் நடந்ததைப் பெற்றோராயிருக்கும் நம் வாசகர்கள் கேட்க வேண்டும். விசாரணை மன்றம் தேசிய நிலக்கரி வாரியத்தின்மீதே குற்றம் சுமத்தியது. எனினும், ஊருக்கு மேலே எஞ்சி நின்ற குன்றுகளை அகற்ற அரசும் வாரியமும் முழுச் செலவையும் ஏற்க முன்வரவில்லை. உலகெங்குமிருந்து ஏழை எளியோர் அனுப்பிய துயர் நிவாரண நிதியிலிருந்து 1,50,000 பவுன் எடுத்துக்கொள்ளப்பட்டது. பிள்ளையைப் புதைத்தவர்களுக்காக வந்த பணம், பிள்ளையைக் கொன்ற குப்பையை வாருவதற்குப் போயிற்று. 1997ஆம் ஆண்டில்தான் அத்தொகை திருப்பித் தரப்பட்டது, வட்டியில்லாமல். பத்தாண்டு கழித்து, 2007ஆம் ஆண்டில், வேல்ஸ் அரசு மேலும் 15 இலட்சம் பவுன் அளித்தது.

ஏழாம் கட்டளைக்கு மறைக்கல்வி வகுப்பில் நாம் சொல்லித்தரும் விளக்கம், திருடாதே என்பதோடு நின்றுவிடுவதில்லை. பிறருக்கு விளைத்த நட்டத்தை ஈடுசெய்தாலன்றி மனத்தாபம் முழுமை பெறாது என்பதும் அதில் அடங்கும். ஆனால் நிலத்துக்கும் நிலத்தில் வாழ்வோருக்கும் செய்த நட்டத்தை இக்கட்டளையோடு சேர்த்து நாம் பேசியது குறைவே. இன்று காடிஃப் நகரிலிருந்து பிரெக்கன் ஊர் வரை டாஃப் ஆற்றை ஒட்டி நீண்ட நடைபாதை ஒன்று செல்கிறது. கரி ஏற்றிய பழைய வாய்க்கால் கரைகளையும் இரயில் தடங்களையும் திருத்தி அமைத்த அப்பாதை அபர்வான் வழியாகவும் போகிறது. மேலே, மலைச்சரிவில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகளின் கல்லறைகள் வெள்ளை வளைவுகளாக வரிசையாய் நிற்கின்றன.

மரம் வந்த விதம்

அபர்வான் நிகழ்ச்சிக்குப் பின், கழிவைக் கண்ட இடத்தில் கண்டபடி குவிக்கும் காலம் பல நாடுகளிலும் முடிவுக்கு வந்தது. ரூர் பகுதியிலும் குன்றுகளை முன்கூட்டியே வரைபடமிட்டு, சரிவைத் தணித்து, படிப்படியாக அடுக்கி, ஒவ்வோர் அடுக்கையும் இறுக்கி, மேலே மண்ணிட்டு மரம் நடும் முறை வந்தது. ரூர் பகுதியில் ஒரு நற்பேறு என்னவெனில், நிலத்தைக் காக்கும் பொதுக்கழகம் ஒன்று 1920ஆம் ஆண்டிலேயே அங்கு ஏற்பட்டிருந்தது. நகரங்களும் சுரங்கங்களும் ஒன்றையொன்று விழுங்கிவிடாதபடி, இடையே வடக்கு தெற்காகப் பச்சை வரம்புகளை அது விட்டுவைத்தது. அந்த முன்னோர் பிடிவாதமாகக் காத்த வரம்புகளே இன்றைய நடைபாதைகளுக்கு முதுகெலும்பு.

1989 முதல் 1999 வரை பத்தாண்டுகள், கார்ல் கான்சர் என்பவர் தலைமையில், எம்ஷர் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே பூங்காபோல் கருதித் திருத்தும் திட்டம் நடைபெற்றது. எல்லாவற்றையும் இடித்துத் தரைமட்டமாக்கிப் புல் விதைப்பது அவர்கள் முறையன்று. பழைய உலைகளையும் கோபுரங்களையும் நிற்கவிட்டு, அவற்றைச் சுற்றி நடக்க வழி செய்தனர். எஸ்ஸன் நகரில் 1986ஆம் ஆண்டு டிசம்பரில் மூடப்பட்ட சோல்ஃபெரைன் சுரங்கம், 2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

சில இடங்களில் மரம் நடவே இல்லை. சும்மா விட்டார்கள். முதலில் வந்தது பிர்ச் மரம். வெள்ளைப் பட்டையும் நூல்போன்ற கிளைகளும் கொண்ட அம்மரத்தின் விதை காற்றில் பறந்து, மண்ணே இல்லாத கரித்தூளில் விழுந்தும் முளைக்கிறது. ஆல்டர் என்னும் மரத்தின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர், நம் நாட்டுப் பயறு வகைச் செடிகளிற்போலக் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருகிறது. ஆகையால் மனிதர் நடும்போதும் அதனையே விரும்பி நடுகின்றனர். மழைநீர் தேங்கும் சிறு குட்டைகளில் ஒருவகைத் தேரை குடியேறியுள்ளது. கொழுத்த நல்ல குளம் அதற்கு ஆகாது; வெறுமையான தரையும், கோடையில் வற்றிப்போகும் குட்டையுமே வேண்டும். ஆற்றங்கரை மணல்திட்டுகளை மனிதர் அழித்துவிட்டபின், அதற்குச் சுரங்கக் கழிவு நிலமே புகலிடமாயிற்று. முதுகில் மஞ்சள் கோடு ஓடும் இத்தேரைக்கு ஜெர்மன் மொழியில் ‘சிலுவைத் தேரை’ என்று பெயர் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சட்டங்கள் சிலுவையான கதை

இனி ஹானியேல் குன்றின் சிலுவைக்கு வருவோம்.

1987ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் போட்ராப் சுரங்கத்துக்கு வந்தார். அதற்கு முந்திய நாள்தான், அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்ட கார்மேல் சபைக் கன்னிகை எடித் ஸ்டைனுக்கு அவர் கொலோன் நகரில் முத்திப்பேறு பட்டம் அளித்திருந்தார். வந்தவர் போலந்து நாட்டவர். இளமையில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது கல்லுடைக்கும் குவாரியில் கூலியாளாக வேலை செய்தவர். ‘உழைப்பு’ பற்றி 1981ஆம் ஆண்டில் சுற்றுமடல் எழுதியவர். போலந்துக் குடும்பப் பெயர்கள் மலிந்த போட்ராப் ஊரில், முகத்தில் கரி படிந்த தொழிலாளர் அவரை வரவேற்றது எத்தகைய காட்சியாயிருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, வேலை போய்விடுமோ என்று குடும்பங்கள் அஞ்சிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை.

அந்த வருகைக்காகச் சுரங்கத்தின் தொழிற்பயிற்சி மாணவர்கள் ஒரு சிலுவை செய்தனர். அதற்குரிய மரத்தைக் கடையில் வாங்கவில்லை. சுரங்கக் கிணற்றில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு பக்கவாட்டில் ஆடாமல் ஓடுவதற்காக, கிணற்றுச் சுவரோடு நெடுகப் பொருத்தும் வழிகாட்டுச் சட்டங்கள் உண்டு. அச்சட்டங்களாலேயே சிலுவையைச் செய்தனர். அப்பனும் மகனும் அன்றாடம் உயிரை நம்பி இறங்கிய மரம் அது. அச்சிலுவையே பின்னர்க் குன்றின் உச்சியில் நடப்பட்டது. அதனை நோக்கி ஏறும் சிலுவைப் பாதை 1995ஆம் ஆண்டில் அமைந்தது. பதினைந்து நிலைகள், பதினைந்தாவது ஆண்டவரின் உயிர்ப்பு.

நிலைகளின் செப்புத் தகடுகளில் சித்திரம் தீட்டியவர் ஓர் அருட்சகோதரி. அவர் வரலாறு தனிக் கட்டுரைக்கே தகும், சுருக்கமாகச் சொல்கிறோம். டீசா ஃபான் டெர் ஷூலன்பர்க் என்பவர் 1903ஆம் ஆண்டில், பிரஷ்யப் படைத்தலைவர் ஒருவரின் மகளாக, பிரபு குடும்பத்தில் பிறந்தார். பெர்லினில் சிற்பக்கலை பயின்றார். யூதர் ஒருவரை மணந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் கணவருடன் இங்கிலாந்து சென்றார். அங்கே, வேலையின்றி வாடிய டர்ஹம் பகுதிச் சுரங்கத் தொழிலாளருக்கு மரச்சிற்பம் செதுக்கக் கற்றுத் தந்தார். சுரங்கத்துக்குள் இறங்கி அவர்களைச் சித்திரமாக வரைந்தார். பிறகு தாய்நாடு திரும்பினார். ஹிட்லரைக் கொல்ல 1944ஆம் ஆண்டு ஜூலையில் நடந்த முயற்சியில் பங்கு கொண்டதற்காக, அவர் சகோதரர் ஃப்ரிட்ஸ் தூக்கிலிடப்பட்டார். போருக்குப் பின் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவிய டீசா, 1950ஆம் ஆண்டில் ரூர் பகுதியின் வடவிளிம்பிலுள்ள டோர்ஸ்டன் ஊரில் உர்சுலா சபைக் கன்னியர் மடத்தில் சேர்ந்து, சகோதரி பவுலா ஆனார். மடத்துக்கு வந்த பிறகும் அவர் சுரங்கத் தொழிலாளரை வரைவதை விடவில்லை. ஹானியேல் சிலுவைப் பாதை அமைந்தபோது அவருக்கு வயது தொண்ணூற்றொன்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் இறந்தார்.

பிரபு குடும்பத்தில் பிறந்து, தலைவெட்டும் கயிறும் நிறைந்த காலத்தைக் கடந்து வந்த அவ்வம்மையார், ஆண்டவர் பாடுபட்ட வழியைக் கரித் தொழிலாளர் நடுவே கண்டதில் நமக்கு வியப்பில்லை. ஒவ்வொரு நிலையின் அருகிலும், அடால்ஃப் ராடெக்கி என்பவரின் அமைப்பின்படி, சுரங்கத்தில் உழைத்துத் தேய்ந்த கருவிகளும் பொறிகளும் வைக்கப்பட்டுள்ளன. இந்த ஏற்பாட்டை நாம் மிகவும் பாராட்டுகிறோம். துருப்பிடித்த இரும்பை அகற்றிவிட்டு, ரோசாச் செடி வைத்திருந்தால் காண்பதற்கு இனிமையாக இருந்திருக்கும். ஆனால் நடப்பவர், தாம் மிதிக்கும் மலை யாருடைய முதுகுவலியால் எழுந்தது என்பதை அறிந்திருக்கமாட்டார். சுரங்கத் தூசியால் நுரையீரல் கல்லாகிப் போகும் நோய், வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் மனிதரைப் படுக்கையில் தள்ளும். அத்தகையோர் மூச்சுத் திணறியபடி வாழ்ந்த வீடுகள் குன்றின் அடிவாரத்திலேயே உள்ளன.

ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று, எஸ்ஸன் ஆயருடன் பெருந்திரளான மக்கள் இப்பாதையில் ஏறுகின்றனர். அம்மறைமாவட்டமே 1958ஆம் ஆண்டில் சுரங்க மக்களுக்கெனத் தோன்றியது. புனித பார்பரா அம்மாள் அங்கே சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலி. டிசம்பர் 4ஆம் நாள் அவர் திருநாள். ஒருவரையொருவர் காணும்போது, நற்பேறு உண்டாக, நலமாக மேலேறி வருக என்னும் பொருள்பட ‘க்ளூக் ஆஃப்’ என்பர். கோவில் போகாதவரும் அங்கே அப்படியே வாழ்த்திக்கொள்கின்றனர்.

சிலுவையையும் கடந்து மேலே சென்றால் திறந்தவெளி அரங்கம் ஒன்றும், ஸ்பெயின் நாட்டுப் பாஸ்க் கலைஞர் அகுஸ்தீன் இபாரோலா 2002ஆம் ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட பழைய இரயில் கட்டைகளை வண்ணம் பூசி நிறுத்திய வரிசையும் உள்ளன. சிலுவைப் பாதைக்கு மேலே இது எதற்கு என்று கேட்கும் பக்தர் இருப்பர். நமக்கும் முதலில் அவ்வாறே தோன்றிற்று. எனினும், பிராங்கோ ஆட்சியில் சிறையிலிருந்த அம்மனிதர், கரி வண்டிகளைச் சுமக்கும் கட்டைகளையே எடுத்து நிமிர்த்தி நிற்க வைத்தார் என்பதை எண்ணும்போது, குறை சொல்ல நாவெழவில்லை.

கெல்சன்கிர்க்கென் நகரிலுள்ள ரைனெல்பே குன்றையும் ஒரு வார்த்தை குறிப்பிட வேண்டும். இடிக்கப்பட்ட சுரங்கக் கட்டடங்களின் காங்கிரீட் பாறைகளை அடுக்கி, ஹெர்மன் பிரிகான் என்னும் கலைஞர் அதன் உச்சியில் ‘விண்ணகப் படிக்கட்டு’ ஒன்றை எழுப்பியுள்ளார். படங்களில் யாவரும் காட்டுவது அதனையே. நம் மனத்தில் நிற்பதோ வேறொன்று. 1906ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், பிரான்ஸ் நாட்டின் கூரியர் சுரங்கத்தில் வெடிப்பு ஏற்பட்டு 1,099 பேர் மாண்டனர். அப்போது பிரான்ஸும் ஜெர்மனியும் போர் மூளுமோ என்னும் பகையில் இருந்தன. அந்நிலையிலும் இந்த ரைனெல்பே சுரங்கத்திலிருந்தும், அருகிலுள்ள ஹெர்னே நகரின் ஷாம்ராக் சுரங்கத்திலிருந்தும், மூச்சுக் கருவிகளோடு மீட்புப் படையினர் எல்லை கடந்து சென்று இறங்கினர். எட்டே ஆண்டுகளில் இரு நாடுகளும் போரில் இறங்கிவிட்டன என்பது வேறு கதை.

சகோதரி பவுலா இளமையில் வரைந்த டர்ஹம் மக்களின் ஊர் என்னவாயிற்று என்று வாசகர் கேட்கலாம். அங்கே கடலோரச் சுரங்கங்களின் கழிவைக் கடலிலேயே கொட்டினர். ஈசிங்டன் போன்ற கடற்கரைகள் கரியால் கறுத்துக் கிடந்தன. ஈசிங்டன் சுரங்கம் 1993ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 1997 முதல் 2002 வரை ஏறத்தாழ 1 கோடி பவுன் செலவில் கரையைத் துப்புரவு செய்து, செங்குத்துப் பாறைகளின் மேலே நடைபாதை அமைத்தனர். 2001ஆம் ஆண்டில் அது பாரம்பரியக் கடற்கரை என்று அறிவிக்கப்பட்டது. கடலலைகளே பெரும்பகுதி வேலையைச் செய்தன, செய்துகொண்டும் இருக்கின்றன. பாதையை அமைத்ததுபோல் வேலைவாய்ப்பை அமைப்பது எளிதாயில்லை. அவ்வூர்களில் வறுமை நீண்ட காலம் நீடித்தது.

முடியாத கடன்

ரூர் பகுதியின் கடைசிச் சுரங்கம் இதே போட்ராப் ஊரில்தான் இருந்தது. ஜெர்மனியின் கறுப்பு நிலக்கரித் தொழிலை 2018ஆம் ஆண்டோடு முடித்துவிடுவதென 2007ஆம் ஆண்டிலேயே தீர்மானித்து, பதினொரு ஆண்டு தவணை கொடுத்தனர். மூத்தவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வூதியமும், இளையவர்களுக்கு வேறு தொழிலும் ஏற்பாடாயின. எவரையும் தெருவில் விடுவதில்லை என்பது வாக்குறுதி. 2018ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், கடைசிக் கரித்துண்டு மேலே கொண்டுவரப்பட்டு, குடியரசுத் தலைவர் ஸ்டைன்மையரிடம் கையளிக்கப்பட்டது. முகமெல்லாம் கரியாயிருந்த ஆண்கள் கண்ணீர் விட்டனர். அதற்கு நான்கு நாட்களுக்கு முன்புதான், அந்நாட்டில் எஞ்சியிருந்த மற்றொரு சுரங்கமான இபன்பியூரனில், 29 வயது இளைஞர் ஒருவர் விபத்தில் இறந்திருந்தார்.

சுரங்கம் மூடிற்று; கணக்கு மூடவில்லை. கரியை எடுத்த வெற்றிடங்கள் மெல்ல அமிழ்ந்ததால், மேலேயுள்ள நிலமும் வீடும் ஆலயமும் தெருவும் சேர்ந்தே தாழ்ந்தன. சில இடங்களில் 25 மீட்டர் வரை நிலம் இறங்கியுள்ளது. ஆறுகள் தம் வழியில் ஓட இயலவில்லை. மழைநீரையும் ஊற்றுநீரையும் இறைத்து வெளியேற்றாவிட்டால், ரூர் பகுதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஏரியாகிவிடும் என்கின்றனர். ஆழத்திலுள்ள சுரங்க நீரையும் குடிநீர் ஊற்றுகளோடு கலந்துவிடாதபடி இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு காலம்? அதற்கு ஜெர்மானியர் வைத்திருக்கும் பெயரே ‘நித்தியப் பணிகள்’ என்பது. அரசு அலுவலகக் கோப்புகளில் நித்தியம் என்னும் சொல்லை எழுத நேர்ந்தது இவர்களுக்கே போலும். 2007ஆம் ஆண்டில் இதற்கென ஓர் அறக்கட்டளையை நிறுவி, சுரங்க நிறுவனத்தின் சொத்துகளை முதலாக வைத்து, 2019ஆம் ஆண்டு முதல் அதன் வருவாயிலிருந்து செலவு செய்கின்றனர். ஆண்டுக்கு 20 கோடி யூரோவுக்கும் மேல் ஆகிறது. எடுத்தவர் பணத்திலிருந்தே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நியாயத்தை அவர்கள் சட்டமாக எழுதிக்கொண்டது பாராட்டத்தக்கது. அபர்வான் பெற்றோருக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை.

எம்ஷர் ஆற்றின் கதையும் இதனோடு இணைந்ததே. நிலம் தாழ்ந்துகொண்டே இருந்ததால் பூமிக்கடியில் சாக்கடைக் குழாய் பதிக்க இயலாமல், ஆற்றையே காங்கிரீட் வாய்க்காலாக்கி, பத்து நகரங்களின் கழிவை நூறாண்டுக்கு மேல் அதில் ஓடவிட்டனர். கரையில் வேலியும் ‘உயிருக்கு ஆபத்து’ என்னும் பலகையும் இருந்தன. சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து நிலம் அசைவற்ற பிறகே, 1992ஆம் ஆண்டில் ஆற்றை மீட்கும் வேலை தொடங்கிற்று. 51 கிலோமீட்டர் நீளக் கழிவுநீர்ச் சுரங்கக் குழாய் பதித்து, 2021ஆம் ஆண்டின் முடிவில் ஆறு சாக்கடையிலிருந்து விடுபட்டது. செலவு 500 கோடி யூரோவையும் தாண்டியது. இன்று மீன் ஓடுகிறது. கரையோரம் மக்கள் நடக்கின்றனர். கழிவை வாய்க்காலில் விட்டுவிட்டு, வாய்க்கால் தானாகத் தூய்மையாகும் என்று எதிர்பார்க்கும் ஊர்கள் இச்செலவுக் கணக்கைக் கருத்தில் கொள்ளலாம்.

இந்த நிலத்தில் இன்று நம் தமிழ் மக்களும் வாழ்கின்றனர். 1980களில் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் பல, ரூர் நகரங்களில் குடியேறின. ரூர் பகுதியின் கிழக்கு எல்லையிலுள்ள ஹாம் நகரில், 1908ஆம் ஆண்டில் ராட்போட் சுரங்க விபத்தில் ஏறத்தாழ 350 பேர் மாண்டனர். அதே ஹாம் நகரில் 2002ஆம் ஆண்டில் எழுந்த காமாட்சி அம்மன் கோவில் ஐரோப்பாவில் புகழ்பெற்றது. கத்தோலிக்கத் தமிழரோ, ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் டச்சு எல்லை அருகிலுள்ள கெவலார் மாதா திருத்தலத்தில் ஆயிரக்கணக்கில் கூடுகின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நிலக்கரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருளாகவே பார்க்கின்றனர்.

உறவினரைக் காண அப்பக்கம் செல்லும் வாசகர்கள் கெவலார் மாதாவைத் தரிசித்தபின், ஒருநாள் ஒதுக்கிப் போட்ராப் குன்றில் ஏறி வரலாம். பதினைந்து நிலைகளையும் நின்று செபித்து ஏறச் சின்னக் குழந்தைகளாலும் இயலும். உச்சியிலிருந்து பார்த்தால் ஓபர்ஹவுசன் நகரின் பழைய எரிவாயுக் கோபுரம் தெரியும். மேலே மறைப்பு ஏதுமில்லை. காற்று பலமாக வீசும். பெரிய வெள்ளிப் பவனிக்குச் செல்வதாயின், ஏப்ரல் மாதம்தானே என்று எண்ணாமல் கம்பளிச் சட்டை கொண்டுபோவது நல்லது.